குழம்பில்லாத சமையல் புத்தகம்

பேர்ணடெற் வாங்கிய சமையல் புத்தகத்தில் குழம்பு இல்லை.

பாயசம் இருந்தது. வட்டிலப்பம் இருந்தது. தொதல், கேசரி, பயற்றம் பணியாரம் எல்லாம் ஒரு வரி குறையாமல் இருந்தன. மீன் குழம்பு இருக்க வேண்டிய இடத்தில் தாள் இல்லை. ரசம் இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறியை அடுத்து நேராக ரவை லட்டு வந்தது. முன்னால் இருந்த பொருளடக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கிழித்த மாதிரியும் தெரியவில்லை. தையலை ஒட்டி, நூல் அறுபடாமல், பிளேடால் வெட்டியிருந்தது.

கொட்டாஞ்சேனை மாடி வீட்டுக் குசினியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பேர்ணடெற் அடுப்பை அணைத்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்தார்.

புதுக்கடை நீதிமன்றங்களில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் அவர். ஓய்வுக் காலம் வருமுன்பே வேலையை விட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவைத்தார். உண்மை வேறு. அவர் சரியாகச் சொன்ன சொற்களாலேயே ஆட்கள் உள்ளே போனார்கள். பிழையாகச் சொல்லியிருந்தால்கூடத் தன்னை மன்னித்திருப்பார். இப்போது, பொலிஸுக்குப் போகப் பயந்தவர்கள் கொண்டுவரும் சின்னத் தொல்லைகளை விசாரித்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை.

அந்த வேலைக்கு வண்டியும் வாயும் சுடலைமுத்து. துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு போன பிறகு ஓட்டோ ஓட்டுகிறவன். தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"இதப் பாத்துச் சமைச்சா நேரா சீனி வருத்தத்துல கொண்டுபோயி விட்ரும் மிஸ்."

"வெட்டினதுக்கு அடுத்த பக்கத்தில ஒரு துண்டு வரி மிஞ்சியிருக்கு. கேள். 'கரைத்து, வடித்து, கொதி வந்ததும் ஊற்றி இறக்கவும்.' எதைக் கரைக்கிறது?"

"உப்பு."

"உப்பை வடிக்கிறதில்லை."

"அப்ப புளிங்க."

பேர்ணடெற் தலையாட்டினார். புளி சேரும் கறிகள் எல்லாம் போயிருந்தன. புளி சேராதவை எல்லாம் தப்பியிருந்தன.

"புளி மேல யாருக்கு என்னா மிஸ் கோவம்?"

"வித்தவரைத்தான் கேக்க வேணும். ஓட்டோவை எடு."

காலி வீதிச் சோதனைச் சாவடியில் இருவரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், பேர்ணடெற்றின் பையில் இருந்து சமையல் புத்தகத்தை எடுத்தான். பக்கங்களைப் புரட்டவில்லை. புத்தக அட்டையை வளைத்துப் பார்த்தான். நகத்தால் தட்டிப் பார்த்தான். அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மேலட்டையப் படிக்கிறவன இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றான் சுடலைமுத்து, வண்டி நகர்ந்த பிறகு.

பேர்ணடெற் சிரிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலை யோசித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வரதராசாவின் பழைய புத்தகக் கடை இருந்தது. ரியூசன் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், பெரியவர்களுக்குத் தேவாரமும் நாவலும், யாருக்கு என்று தெரியாத மற்றவை. வரதராசா யாழ்ப்பாணத்துக்காரர். தன் கடைக்குள்ளேயே குரலைத் தாழ்த்திக் கதைப்பவர். அன்று தாழ்த்தவில்லை. மூலையில் துடைப்பத்தோடு நின்ற பெண்ணை ஏசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் மயிலம்மா. தேயிலைத் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, அந்தக் கடையைக் கூட்டித் துடைத்து, புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிறவள். பேர்ணடெற் சமையல் புத்தகத்தை மேசையில் வைத்ததும் வரதராசா இதுவும் உவளுடைய வேலைதான் என்றார். சில வாரங்களாகவே ஆட்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறார்களாம். ஒவ்வொன்றிலும் தாள் இல்லையாம். கடைக்குள் புத்தகத்தைத் தொடுகிறவர்கள் அவரும் அவளும்தானாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொலிஸில் போய் ஒரு என்ட்ரி போட்டு வைக்கப் போகிறாராம்.

பொலிஸ் என்றதும் மயிலம்மாவின் கையில் இருந்த துடைப்பம் சுவரில் சாய்ந்தது.

"மொதலாளி, நாளைக்கி எம் மகனோட கேசு," என்றாள். "இன்னைக்கி எம் பேர அங்க எழுதாதீங்க."

கேட்டுக் கேட்டு பேர்ணடெற் விஷயத்தை வாங்கினார். மயிலம்மாவின் மகன் சிவமணி. அதே கடையில் வேலை பார்த்தவன். மழைக் காலத்துக்கு முன்னால் ஒருநாள், புதிதாக அட்டை கட்டிய கணக்குப் புத்தகம் ஒன்றை பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப் போனான். சாவடியில் அட்டை தடித்திருக்கிறது என்று கீறிப் பார்த்தார்கள். அட்டைக்கும் உள்தாளுக்கும் நடுவில் இயக்கத்தின் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் அவர்களுடைய பெயர். அன்றைக்குப் போனவன் இன்னும் உள்ளேதான். அவனுக்காக நிற்கும் சட்டத்தரணி இஸ்ஸதீன் ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தார். அந்தத் தாள் அட்டைக்குள் எப்படிப் போனது என்று சொல்ல ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். அப்படி ஒருவரும் இதுவரை வரவில்லை.

"நான்தான் பஸ்ஸுல போடான்னு அனுப்புனேன்," என்றாள் மயிலம்மா. "ரயில்ல போறேன்னுதான் சொன்னான். ரயில்ல போயிருந்தா அந்தச் சாவடி வந்திருக்காது."

வரதராசா புத்தக இறாக்கையில் எதையோ தேடப் போனார்.

பேர்ணடெற் திரும்பி வந்த புத்தகங்களைக் கேட்டார். மூன்றை மேசையில் வைத்தார்கள். முதலாவது சிறுவர்களுக்கான மிருகப் படப் புத்தகம், அகர வரிசையில். பாம்பு இருந்தது. அதை அடுத்துப் பூனை இருந்தது. நடுவில் ஒரு தாள் இல்லை. இரண்டாவது சிவபெருமானின் கோலத்தை விளக்கும் பக்தி நூல். சடை, பிறை, பாம்பு, சூலம் எல்லாம் இருந்தன. இடுப்புக்கு வந்ததும் தாள் போயிருந்தது.

"அடப்பாவி, கட்டுறதுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டானே," என்றான் சுடலைமுத்து.

"என்ன கட்டியிருப்பார்?" என்றார் பேர்ணடெற்.

"புலித்…" என்று தொடங்கியவன் வாசலைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான்.

பாம்புக்கும் பூனைக்கும் நடுவில் வருவதும் அதுதான். பேர்ணடெற் கடதாசித் துண்டு ஒன்றில் 'புலி' என்று எழுதினார். சமையல் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தில் 'புளி' என்று எழுதினார். ஒரு புதிர் அவிழும்போது வரும் அந்தப் பழைய சந்தோஷத்தில், யார் கேட்கிறார்கள் என்று பாராமல் வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்.

"புலியை வெட்ட நினைச்ச ஆள் புளியையும் சேர்த்து வெட்டியிருக்கு. லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்."

வரதராசா மேசையைத் தட்டினார்.

"சரியாச் சொன்னியள். உவள் வயசு போன பிறகு எழுத்துப் படிச்சவள். மகன் அந்தப் பேராலதான் பிடிபட்டவன். அந்தப் பேர் கண்ணில படக்கூடாது எண்டு வெட்டுறாள். ஆனா ஒரு எழுத்தும் வடிவாத் தெரியாது. வேற என்ன வேணும்?"

கயிறு திரித்தது பேர்ணடெற். சுருக்குப் போட்டது வரதராசா. இந்தக் கதை என்ட்ரியாகிப் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் நாளைக்கு அரசாங்கத் தரப்பு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். மகன் கொண்டுபோனான், தாய் தடயத்தை வெட்டி அழிக்கிறாள். அதையும் அங்கே ஒருத்தி நின்று சுத்தமாக மொழிபெயர்ப்பாள்.

கடதாசித் துண்டை மயிலம்மாவிடம் நீட்டினார். "வாசிங்க."

மயிலம்மா சேலையில் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்தாள். வாசிக்க வெகுநேரம் எடுத்தாள். இரண்டாவது சொல்லுக்கு முதலில் போனாள்.

"பு… ளி. புளி. கொழம்புல கரைக்கிறது." விரல் முதற் சொல்லுக்கு வந்து நின்றது. "இது வேற. இத நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்லி, யாரு காதுல விழுந்து, அதயும் எம் புள்ள கணக்குல எழுதிருவாங்க."

சொல்லைச் சொல்லவே பயப்படுகிறவளுக்கு அந்தச் சொல் எது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. இந்த நடுக்கத்தை நீதிமன்றத்தில் தடயமாகக் காட்ட முடியாது என்பதும் பேர்ணடெற்றுக்குத் தெரிந்திருந்தது. வரதராசாவும் அதையே சொன்னார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

மேசையில் மூன்றாவது புத்தகம் இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பாட்டுப் புத்தகம். மயிலம்மாதான் அதை எடுத்துப் புரட்டிக் காட்டினாள். அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியில்தான் சிவமணி அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். கடை பூட்டிய பிறகு, தரையில் உட்கார்ந்து, அம்மா இது என்ன, அம்மா அது என்ன என்று. ஒவ்வொரு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். போனது எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

"நெலாப் பாட்டுங்க. நெலாவுல என்னாங்க இருக்கு, போயி யாரு வெட்டுவா?"

புலி சரி. புளியும் சரி. நிலா எங்கே வந்தது?

"பாட்டில நிலாவுக்கு நிலா என்றுதான் இருக்கா?" என்றார் பேர்ணடெற்.

"இல்லீங்க. அம்புலின்னு வரும்."

பேர்ணடெற் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினார். முதல் இரண்டு எழுத்துகளின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். மற்ற இரண்டும் மேசையில் தனியே நின்றன.

சுடலைமுத்து குனிந்து பார்த்தான். "நெலாவுக்குள்ள போயி பதுங்கியிருந்திருக்கே மிஸ்."

"தமிழ் வாசிக்கிற எந்த மனிசரும் அம்புலியை வெட்டமாட்டார், வரதராசா. அரைகுறையாய்ப் படிச்சவரும் வெட்டமாட்டார். நிலாவைத்தான் காணுவார். இதில புலியைக் கண்டவர் சொல்லை வாசிக்கேல்லை. ரெண்டு எழுத்தைத் தேடியிருக்கிறார். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். தமிழ் அரைகுறையாத் தெரிஞ்ச ஆள் இல்லை இது. தமிழே தெரியாத ஆள்."

"தமிழ் தெரியாத ஆள் தமிழ்ப் புத்தகத்தில என்னத்தைத் தேடப் போறான்?"

"ரோட்டுல நின்னு தேடுறாங்களே மொதலாளி, அவங்க எல்லாம் தமிழ் பண்டிதருங்களா?" என்றான் சுடலைமுத்து.

பேர்ணடெற் அவனை விட்டுவிட்டு மயிலம்மாவிடம் திரும்பினார். வாங்கிய பழைய புத்தகம் இறாக்கையில் ஏறுமுன் எங்கே போய் வரும் என்று கேட்டார். மயிலம்மா ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே தாழ்ந்த கூரைக்குக் கீழே, திறந்த கதவுக்குள், ஒருவர் முழங்காலில் புத்தகத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஜினதாசவோ?" என்றார் வரதராசா. "அவனுக்குத் தமிழில ஒரு எழுத்தும்…"

மேசையில் தனியே நின்ற இரண்டு எழுத்தையும் பார்த்தார்.

ஜினதாசவின் அறையில் கோதுமை மாப் பசையின் மணம். மாவில் பூச்சி விழாமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டியதால் சட்டி ஓரமெல்லாம் நீலம். ஒரு மூலையில் கழிவுத்தாள் சாக்கு. பழைய அட்டையைப் பிரித்து, முதுகைத் தைத்து, உள்ளே கழிவுத்தாளை ஒட்டிப் பலப்படுத்தி, மேலே நல்ல தாளால் மூடுவது அவர் வேலை. தலை நரைத்த மனிதர். பேர்ணடெற்றுக்கு முக்காலியைத் துடைத்துக் கொடுத்தார். சுடலைமுத்து வாசலில் நின்றுகொண்டான்.

பேர்ணடெற் சிங்களத்தில் பேசினார். தான் கொட்டாஞ்சேனையில் இருந்து வருவதாகவும், ஒரு சமையல் புத்தகம் வாங்கியதாகவும் சொன்னார். பிறகு அந்தப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார்.

"ஜினதாச அய்யே, நீங்க கொட்டியாவைத் தேடிப் போய்ச் சியம்பலாவை வெட்டியிருக்கிறீங்க."

ஜினதாச ஏறிட்டுப் பார்த்தார். "சியம்பலா?"

"கொட்டியா தமிழில புலி. சியம்பலா புளி. கறியில போடுறது. எனக்குக் குழம்பு வைக்க முடியாமப் போச்சு. பிள்ளைகளின்ட பாட்டில ஹந்தவையும் வெட்டியிருக்கிறீங்க."

நிலா என்றதும் அவர் முகம் ஒரு நொடி சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு வாய்க்கு வருமுன் உடைந்துபோனது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தான் வெட்டவில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், நிலாவையுமா என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. சிவமணி கொண்டுபோன கணக்குப் புத்தகத்துக்கு அட்டை கட்டியவர் அவர்தான். சாக்கில் கையை விட்டார். ஒரு தடித்த தாள் அகப்பட்டது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெறுமை. எழுத்துப் பக்கத்தை அட்டையோடு ஒட்டி, வெறும் பக்கத்தை வெளியே விட்டார். எல்லாத் தாளையும் அப்படித்தான் ஒட்டுவது. ஒளிக்கிறவனும் அப்படித்தான் ஒட்டியிருப்பான் என்பது பையன் பிடிபட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

போய்ச் சொல்ல நினைத்தார். சட்டை போட்டுக்கொண்டு காலி வீதி வரைக்கும்கூட இரண்டு மூன்று தடவை போனார். ஒட்டினது நீ என்றால் நீயும் அவர்களுடைய ஆளா என்று கேட்பார்கள். சிங்களவனாய் இருந்துகொண்டு என்று இன்னும் கேவலமாய்க் கேட்பார்கள். திரும்பி வந்து தைக்க உட்கார்ந்துவிடுவார். காலையில் கதவைத் திறந்தால் எதிரே மயிலம்மா வாசல் கூட்டிக்கொண்டிருப்பாள். அண்ணே, தேத்தண்ணி குடிச்சீங்களா என்று கேட்பாள்.

இன்னொரு பிள்ளை பிடிபடக்கூடாது என்று மட்டும் நினைத்தார். கட்டுவதற்கு வந்த புத்தகக் கட்டில் சிங்களவர் தமிழ் படிக்கும் அரிச்சுவடி ஒன்று இருந்தது. அதில் இருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் படித்தார். பு, லி. அரிச்சுவடியில் 'லி' இரண்டு விதமாக இருந்தது.

"எங்கட எழுத்திலயும் ரெண்டு இருக்கு மிஸ். எழுதத்தான் வேற. வாய்க்கு ஒண்டுதான். தமிழிலயும் அப்படித்தான் என்று நினைச்சன். எது என்று யாரிட்டக் கேக்கிறது? கேட்டால் ஏன் என்று கேப்பினம்."

ஆகையால் இரண்டையும் வெட்டினார். தைக்க வந்த ஒவ்வொரு புத்தகத்திலும், ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தேடி வெட்டினார்.

"வெட்டினதை எரிச்சிட்டீங்களா?"

ஜினதாச எழுந்து பலகைக்குக் கீழே இருந்து ஒரு துணிப்பொதியை எடுத்து அவிழ்த்தார். தாள்கள் கசங்காமல், ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நூல் கட்டியிருந்தது. எந்தப் புத்தகத்துத் தாளோ அந்தப் புத்தகத்தைத் தைத்த நூலின் நிறம்.

"சண்டை முடிஞ்ச பிறகு திருப்பித் தைக்கலாம் என்று நினைச்சன்," என்றார்.

வாசலில் சுடலைமுத்து ஒழுங்கையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். பேர்ணடெற் மேலே கிடந்த தாளை எடுத்தார். மீன் குழம்பு. சிவப்பு நூல்.

சட்டத்தரணி கேட்ட ஒரே ஒரு ஆள் இவர்தான். இப்போதே புதுக்கடைக்கு, சட்டத்தரணியிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டார். சொல்கிறேன் என்றார் ஜினதாச. பேர்ணடெற் எழுந்துவிட்டார். நீதிமன்றத்தில் இத்தனை வருடம் நின்ற பழக்கத்தில், எதிர்த் தரப்பு முதலில் கேட்கப் போகும் கேள்வியைத் தானும் கேட்டு வைத்தார். சாக்கில் அந்தத் தாள் எப்படிக் கிடந்தது?

மடித்துக் கிடந்தது என்றார் ஜினதாச. நாலாக. எழுத்து உள்ளே போகும்படி.

"மற்றக் கழிவுத்தாளும் மடிச்சுத்தான் வருமா?"

இல்லை என்றார். மற்றதெல்லாம் கசக்கியோ கட்டாகவோ வரும். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை. பேர்ணடெற் மறுபடி உட்கார்ந்தார். குப்பையில் போகிற தாளை யாரும் எழுத்து உள்ளே போகும்படி மடிப்பதில்லை. மடித்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்.

"சாக்கு எங்க இருந்து வரும் அய்யே?"

ஜினதாச எதிரே இருந்த புத்தகக் கடையைப் பார்த்தார். பிறகு, முதலாளி நல்ல மனுசன், அவருக்கு அது தெரிந்திருக்காது என்றார்.

கடையில் வரதராசா உட்காரவில்லை. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, பொலிஸுக்குப் புறப்பட்டவர் போலவும் புறப்படாதவர் போலவும் நின்றார். மயிலம்மா இறாக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் பேர்ணடெற்றும், பின்னால் துணிப்பொதியோடு ஜினதாசவும் வருவதைக் கண்டதும் வரதராசாவின் கண் பொதிக்குப் போகவில்லை. ஜினதாசவின் முகத்துக்குப் போனது.

பேர்ணடெற் நடந்ததைச் சொன்னார். தாள்களை வெட்டியது ஜினதாச என்று சொன்னார். ஏன் வெட்டினார் என்றும் சொன்னார். மயிலம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று தமிழில் சொன்னார். ஜினதாசவுக்காக அதையே சிங்களத்திலும் சொன்னார். மயிலம்மா துணியைப் பிடித்தபடி ஜினதாசவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"இனி என்ட்ரி வேண்டாம்தானே?" என்று முடித்தார் பேர்ணடெற்.

"வேண்டாம்," என்றார் வரதராசா. "வேண்டாம், வேண்டாம்."

"தாள் நாலா மடிச்சிருந்ததாம் வரதராசா. எழுத்து உள்ளுக்கு."

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. காலி வீதியில் பஸ் கொண்டக்டர் பம்பலப்பிட்டி என்று கத்திக்கொண்டு போனான். வரதராசா குடையை மேசையில் வைத்தார். அது உருண்டு விழுந்தது. எடுக்கவில்லை.

"நான்தான் மடிச்சனான்."

வன்னியில் இருந்து வந்த சொந்தக்காரன் ஒருவன் கொண்டுவந்த சாமானைச் சுற்றியிருந்த தாள் அது. அவன் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். பிரித்துப் பார்த்த வரதராசா எழுத்து உள்ளே போக உடனே மடித்தார். எரித்தால் மேல் மாடிக்காரர்கள் புகை என்று எட்டிப் பார்ப்பார்கள். கிழித்துப் போட்டால் துண்டுதுண்டாய் எழுத்துத் தெரியும். கடலில் போட்டால் கரைக்கு வரும். ஜினதாசவுக்குத் தமிழ் தெரியாது. அட்டைக்குள் ஒட்டிவிட்டால் இந்த உலகத்தில் ஒருத்தர் கண்ணிலும் படாது.

"அவன்ர கையில, அந்தப் புத்தகத்தில போகும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. ஜினதாச சொல்லுவான், சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவன் சொன்னா என்ர பேர் வராமலே முடிஞ்சிடும் எண்டு…"

தாள்கள் காணாமல் போகத் தொடங்கியதும் யாருக்கோ விஷயம் தெரிந்துவிட்டது, தனக்கு வலை விரிக்கிறார்கள் என்று பயந்தார். அதனால்தான் என்ட்ரி. அதனால்தான் அவள் பெயர்.

பேர்ணடெற் இரண்டு ஆண்களையும் பார்த்தார். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தன் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் இருவரும் ஊமையாய் இருந்திருக்கிறார்கள். நடுவில் ஒருத்தி இரண்டு வாசலையும் கூட்டியிருக்கிறாள்.

மயிலம்மா துணியை உதறி மடித்தாள். கத்தவில்லை.

"அவனப் புடிச்சிட்டாங்கன்னு சேதி வந்த அன்னைக்கி, நீங்க ஒங்க கையால எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க மொதலாளி," என்றாள். "சீனி கூடப் போட்டிருந்துச்சு. அத நான் ஒவ்வொரு நாளும் நெனச்சுக்குவேன். நல்ல மனுசன்னு."

வரதராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜினதாச தன் சொல்லைச் சொல்லத் தயார் என்று பேர்ணடெற் விளக்கினார். ஒட்டியது எப்படி என்று அவர் சொல்வார். சாக்குக்குள் எப்படி வந்தது என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். அது இல்லாவிட்டால் சிவமணி வெளியே வர, ஜினதாச உள்ளே போவார். கணக்கு அவ்வளவுதான்.

"நான் யாழ்ப்பாணத்தான் மிஸ். ஜினதாச போனாத் திரும்பி வருவான். நான் போனா வருவனோ தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றார் பேர்ணடெற். பொய் சொல்லி அழைத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை.

மயிலம்மா வாசலுக்குப் போனாள். வெளியே வைத்திருந்த பாடப் புத்தகக் கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தாள். சுடலைமுத்து உதவப் போனான். கையை ஆட்டி வேண்டாம் என்றாள். காற்றாடியை நிறுத்தினாள். விழுந்து கிடந்த குடையை எடுத்து வரதராசாவின் கையில் கொடுத்தாள். எல்லாரும் வெளியே வரும் வரைக்கும் நின்று, பலகைக் கதவுகளைச் சாத்தினாள். பட்டப்பகலில் அந்தக் கடை சாத்தி ஒழுங்கைக்காரர்கள் கண்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

பூட்டையும் திறப்பையும் அவள் வரதராசாவிடம் நீட்டினாள்.

"நீங்க பூட்டுங்க மொதலாளி. நீங்களே வந்து தொறங்க. நீங்க வரலேன்னா, எம் மகன் வந்து தொறப்பான். ஒங்க கடைய அவன் வெளங்க நடத்துவான்."

வரதராசா பூட்டை வாங்கினார். திறப்பு முதல் தடவை துவாரத்தில் போகவில்லை. இரண்டாம் தடவை போனது.

ஓட்டோவின் பின் இருக்கையில் நால்வர் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜினதாசவின் மடியில் வெட்டிய தாள்களின் துணிப்பொதி. அவருக்கும் வரதராசாவுக்கும் நடுவில் மயிலம்மா. ஓரத்தில் பேர்ணடெற். கொஞ்ச நேரத்தில் சட்டத்தரணியின் முன்னால் இந்த இரண்டு பேருடைய சொற்களும் தன் வாய் வழியாகத்தான் போகப் போகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொண்டை உண்மையாகவே சரியில்லாமல் இருந்தது.

சுடலைமுத்து கண்ணாடியில் நால்வரையும் பார்த்தான். வேறு நாளில் இவ்வளவு பாரம் ஏற்றியிருந்தால் ஒரு பகிடியாவது விட்டிருப்பான். விடவில்லை. தெரிந்த விஷயத்தைத்தான் கேட்டான்.

"எங்க மிஸ்?"

"புதுக்கடைக்கு," என்றார் பேர்ணடெற்.

சாவடி அந்த வழியில்தான் இருந்தது.